தம்பிக்கு வராத டப்பா

1

போன வருடம் எனக்கு ஐம்பது வயது முடிந்த வாரத்தில் இங்கிலாந்து அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, தபால்தலை ஒட்டத் தேவையில்லாத ஓர் உறை. உங்கள் மலத்தில் துளி எடுத்து இந்தக் குப்பியில் அடைத்து அனுப்புங்கள், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம், குடல் புற்றுநோய் இருந்தால் முளையிலேயே பிடித்துவிடலாம் என்று எழுதியிருந்தது. எஸ்தர் என்ற பெயர் இவர்களுக்குப் பழக்கம்தான். அப்பாவின் பெயரான மாசிலாமணியைத்தான் இருபத்திரண்டு வருடமாக இந்த நாடு பிய்த்துப் பிய்த்து எழுதுகிறது. இந்த முறையும் நடுவில் இரண்டு எழுத்தைக் காணோம்.

இங்கே நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். டிப்போ கேன்டீனில் இந்த டப்பாவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அறுபது வயது ஓட்டுநர் ஒருவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தான் முதல் தடவை எப்படிக் குறி தவறினேன் என்று விவரிப்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. மலத்துக்கு இவர்கள் குழந்தைப் பேச்சில் ‘பூ’ என்பார்கள். அரசாங்கக் கடிதத்திலும் அதே ‘பூ’தான்.

கடிதம் வந்த அன்று ஊரிலிருந்து ஜெயா பேசினாள். ஜெயா என் தம்பி பவுலின் மனைவி. பேச்சுவாக்கில், இந்த வாரம் பூ அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“இன்னா பூ அண்ணி, கல்லறைக்கா?” என்றாள்.

பவுலின் மூன்றாம் நினைவு நாள் அடுத்த மாதம் வந்தது. அதற்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் விளக்கிச் சொன்னேன். 

என் மகள் ரூத்துக்குப் பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவள். தமிழை உப்பு மாதிரி, தேவைக்குக் கொஞ்சம்தான் போடுவாள். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாமாவுக்கு ஏன் இது வரல?” என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி உடம்பில் எங்கோ போய் மாட்டிக்கொண்டது.

ஒரு வாரம் அந்த டப்பா குளியலறை அலமாரியில் கிடந்தது. பிறகு காலித் தயிர் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். குப்பியின் மூடியோடு ஒரு குச்சி இருக்கிறது. அதன் நுனியில் கீறி எடுத்து, மூடி, குலுக்கி, தேதி எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட வேண்டும். பல் விளக்குகிற நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மேற்கொண்டு பரிசோதனை எதுவும் இப்போது தேவையில்லை, இரண்டு வருடம் கழித்து மறுபடி அனுப்புவோம்.

நல்ல செய்திதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. கோபம். அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் பார்த்தேன்.

2

பவுல் என்னைவிட இரண்டு வயது சின்னவன். செய்யூர் பக்கம் சொந்த நிலம் இல்லாத வீட்டில் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேர்க்கடலை பிடுங்கிய தலைமுறை. பவுல் வண்டி கற்றுக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே வேன் ஸ்டாண்டில் சேர்ந்தான். மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்களைத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது வேலை. நான் இங்கே பேருந்து ஓட்டத் தேர்வானபோது எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் அவன்தான். “நீ வண்டி ஓட்டினா லண்டன்காரனுங்களுக்கு இன்சூரன்ஸ் கீதாக்கா?” என்று கேட்டான்.

நாற்பத்து மூன்றாவது வயதில் ஒருநாள் போனில், “அக்கா, வெளிக்குப் போனா ரத்தம் வருது. வண்டி சூடுன்றானுங்கோ” என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். மோர் குடிடா, எண்ணெய் தேய்த்துக் குளிடா என்றேன். பிறகு ரூத்தின் பரீட்சையைப் பற்றிப் பேசினேன். எஞ்சின் மேல் பாதி நாள் உட்கார்கிறவனுக்கு மூலம் வருவது எங்கள் ஊரில் சளி பிடிப்பது மாதிரி. எல்லாரும் சொன்னதை நானும் சொன்னேன். இங்கே இருக்கிற எனக்கு, ரத்தம் என்று மருத்துவரிடம் சொன்னால் அன்றே சோதனைக்கு அனுப்புவார் என்று தெரியும். ஆனாலும் மோர் குடி என்றேன்.

பவுலின் ஸ்டாண்டில் குமார் என்று ஒருவன் ஆட்டோ ஓட்டினான். பவுலின் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்தவன். அவன் ஆட்டோவின் பின்பக்கம் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கும்: மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஓய்வு இல்லாமல், ஒரே ஊசியில். பவுலை அந்த கிளினிக்குக்கு இட்டுச் சென்றவன் அவன். ஆள் கொண்டுவந்தால் அவனுக்குக் கமிஷன் உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளினிக் நடத்தியவனை ஸ்டாண்டில் மூல டாக்டர் என்பார்கள். இங்கே அப்படியே எழுதுகிறேன். அவனுக்குப் பெயர் கொடுக்க எனக்கு மனமில்லை. எந்தப் படிப்பும் படித்தவன் இல்லை. ஒன்றரை வருடம் பவுலுக்கு ஊசி போட்டான், பொடி மடித்துக் கொடுத்தான். ரத்தம் நிற்காதபோது கோழிக்கறி சாப்பிட்டாயா என்று கேட்பான். பவுல் கோழியை விட்டான். பிறகு மீனை விட்டான். இடுப்பில் பேன்ட் நிற்காமல் போனபோது பத்தியம் வேலை செய்கிறது என்றானாம் அவன்.

ஒருநாள் மாமல்லபுரத்தில் பயணிகளை இறக்கிவிட்டுவிட்டு பவுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். குடலை அடைத்துக்கொண்டு கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது. ஐந்து மாதம் இருந்தான். எனக்கு விடுப்பு கிடைத்துப் போனது கடைசிப் பன்னிரண்டு நாளுக்கு.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா இளம் வயது. வார்டு வராந்தாவில் என்னிடம் சொன்னார்: “மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையே கண்டுபிடிக்கிற டெஸ்ட் இருக்கும்மா. இவருக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சே ஒன்றரை வருஷம் போயிருக்கு.”

அவர் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவருக்கே தாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் பேருந்து ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அந்த மூல டாக்டரை ஒவ்வொரு விதமாகத் தண்டித்தேன்.

3

சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பவுல் போன இரண்டாம் மாதமே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும். ஜெயாவைப் போகச் சொன்னேன். அவள் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடுப்பு எடுத்துப் போனால் வாரிசுச் சான்று கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால் மருந்துச் சீட்டு கேட்டார்கள். அவன் எந்தக் காலத்திலும் சீட்டு எழுதியதில்லை.

இந்தத் தடவை ஊருக்குப் போய் நானே இறங்கினேன். முதலில் கிளினிக்குக்கு, நோயாளியாக. வெளியே பெஞ்சில் ஆறு பேர், எல்லாரும் வண்டி ஓட்டுகிறவர்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வெட்கம்தான் அவனுக்கு மூலதனம்.

உள்ளே வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தான். எனக்கு ரத்தம் வருகிறது என்றேன். எத்தனை நாளாக, எவ்வளவு, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. நாடியைத் தொட்டான். சூடு என்றான். எதாவது டெஸ்ட் எடுக்கணுமா என்று கேட்டேன்.

“மூலத்துக்கு இன்னாத்துக்கும்மா டெஸ்ட்டு? டெஸ்ட் எடுத்தா பயந்தான் வரும்.”

பவுலிடமும் இதே குரலில்தான் சொல்லியிருப்பான். மேசை மேல் இருந்த கத்தரிக்கோலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதைக் கவனிக்கவில்லை. ஊசி வேண்டாம் என்று சொல்லி, பொடிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுகாதார அலுவலகத்தில் பொட்டலத்தை வைத்தேன். அங்கிருந்தவர் கெட்டவர் இல்லை. பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். உங்கள் தம்பிக்கு அவன்தான் வைத்தியம் செய்தான் என்று, நேரில் பார்த்த யாராவது எழுதிக் கொடுத்தால் ரெய்டு போகலாம் என்றார். பார்த்தவன் ஒருத்தன்தான். கூட்டிக்கொண்டு போனவன்.

குமாரைத் தேடிப் போனேன். பவுல் போன பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. ஆட்டோவில் அதே விளம்பரம், வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

“நான் இன்னா டாக்டராக்கா? எல்லாரும் போறாங்கோன்னு இட்டுகினு போனேன். கையெழுத்தெல்லாம் ஆவாது. நான் இந்த ஊர்ல பொழைக்கணும்” என்றான்.

4

மூல டாக்டரின் கிளினிக்கைச் சட்டத்தால் மூட முடியாவிட்டால் அவன் பெஞ்சை நான் காலி செய்வேன் என்று முடிவெடுத்தேன். இதைப் பொதுச்சேவை என்று யாராவது நினைத்தால் நான் பொறுப்பில்லை. அவன் வயிற்றில் அடிப்பதற்காகத்தான் செய்தேன்.

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். பவுலை அவருக்கு நினைவிருந்தது. என் இங்கிலாந்துக் கடிதத்தைக் காட்டி, இதே சோதனையை ஸ்டாண்டில் நாற்பது தாண்டினவர்களுக்குச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் அனுமதி வாங்க ஒரு வாரம் ஆனது. இரண்டு விஷயம் சொன்னார். கண்ணுக்குத் தெரிந்து ரத்தம் போகிறவர்களுக்கு இந்த டப்பா வேண்டாம், நேரே தன்னிடம் வரட்டும். டப்பாவில் ரத்தம் என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அர்த்தம்.

ஸ்டாண்டில் முப்பது டப்பாவோடு நான் நின்றபோது ஓட்டுநர்கள் சிரித்த சிரிப்பு ரயில் சத்தத்தையும் மீறியது. டிப்போ கேன்டீன் சிரிப்பு வேறு. இங்கே சிரித்தவர்கள் டப்பாவைக் கையால் தொடவில்லை. லண்டன்ல இருந்து வந்து இன்னாத்த கேக்குது பாரு இந்தம்மா என்றார்கள். எனக்கு அவமானமாக இல்லை. கோபம் இருக்கும்போது அவமானத்துக்கு இடம் இருப்பதில்லை.

வேலையை நடத்தியது ஜெயா. அவள் ஆண்களிடம் பேசவே இல்லை. வார விடுமுறையில் வீடு வீடாகப் போய் மனைவிகளிடம் டப்பாவைக் கொடுத்தாள். என் புருஷன் போட்டோவைப் பார்த்துக்கோங்க, மாலை போட்ட போட்டோ, என்று மட்டும் சொன்னாளாம். முப்பதில் இருபத்தாறு திரும்பி வந்தது. பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

இருபத்தாறில் ஒன்று குமாருடையது. அவனுக்கு ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று ஸ்டாண்டுக்குக் காட்டுவதற்காகக் கொடுத்தானாம்.

5

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முடிவுகள் உறை உறையாக வந்தன. ஜெயா வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் வாங்கிவந்தேன். கூடவே டாக்டரம்மா ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். நான்கு பேர் உடனே குழாய்ப் பரிசோதனைக்கு வர வேண்டும். மூன்றாவது பெயர் குமார்.

மூன்று பேருக்கு அன்றைக்கே போன் செய்தேன். குமாரின் உறையைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

சனிக்கிழமை அவன் ஸ்டாண்டில் டீ குடிப்பதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் பையில் இருப்பது அவனுக்குத் தெரியாது என்ற நினைப்பு எனக்கு இனித்தது. அதற்கு வேறு சொல் இல்லை. ஒன்றரை வருடம் வைத்திருக்கலாம் என்று தோன்றியது. சரியாக ஒன்றரை வருடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அந்தப் பையோடு போனேன். எங்கள் பாவங்களை மன்னியும் என்று எல்லாரும் சொன்ன இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை ஜெயா நோட்டில் ஒவ்வொரு பெயராகக் குறி போட்டுக்கொண்டு வந்து குமாரில் நின்றாள். நான் பையைத் திறந்து காட்டினேன். அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இவன் கூட்டிகினு போவலன்னா என் வூட்டுக்காரர் உயிரோட இருந்திருப்பாருன்னு நெனைக்கிறவதான் அண்ணி நானும். ஆனா இத வச்சிகினு இருந்தீங்கன்னா நீங்களும் ஒரு மூல டாக்டருதான்.”

நான் உறையைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். அவளிடம் அடங்கிப்போனேன் என்றுதான் அவள் இன்றுவரை நினைக்கிறாள். உண்மை வேறு. அந்த நிமிடம் எனக்குப் புத்தியில் பட்டது ஒன்றே ஒன்று: செத்துப்போன குமார் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டான். எனக்கு அவன் உயிரோடு வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போய் உறையை நீட்டினேன். அவன் படித்தான். மறுபடி படித்தான். மேலே இருந்த தேதியில் விரலை வைத்தான்.

“வெள்ளிக்கெழம வந்துகீது” என்றான்.

“ஆமா.”

“மூணு நாளா கையில வச்சிகினு இருந்தியாக்கா?”

“பவுலு உங்கையில ஒன்றர வருஷம் இருந்தான்” என்றேன்.

அவன் ஆட்டோவின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான். ஓட்டுநர் இடத்தில் இல்லை, பயணி உட்காருகிற இடத்தில். நான் முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஆட்டோ ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். 

6

நான்கு பேரில் இரண்டு பேருக்கு வெறும் மூலம்தான். ஒருவருக்குக் குடலில் சின்னச் சதை வளர்ச்சி, குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். குமாருக்குப் புற்று. ஆனால் குடல் சுவரைத் தாண்டவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். என் தம்பிக்குக் கிடைக்காதது எல்லாம் அவனுக்குக் கிடைத்தது. அதைச் சந்தோஷமாகச் சொல்லும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் வார்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். அவன் கையெழுத்துக்காக நான் எழுதிக்கொண்டு போன வாக்குமூலத் தாளை வாங்கவில்லை. வெற்றுத் தாள் கேட்டு அவனே எழுதினான். எத்தனை பேரைக் கூட்டிப்போனேன், யார் யார், கமிஷன் எவ்வளவு, பவுல் எத்தனை முறை ஊசி போட்டுக்கொண்டான் என்று மூன்று பக்கம். எழுதி முடித்து என் கையில் கொடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாள் சுகாதார அலுவலகத்துக்குப் போன பிறகு ரெய்டு நடந்தது. நான் எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தேன். மூல டாக்டரை வெள்ளைக் கோட்டோடு ஜீப்பில் ஏற்றினார்கள். பூட்டு மேல் அரக்கு வைக்கும்வரை நகரவில்லை. சூடு தணிய மோர் குடிங்க என்று ஜீப்புக்குள் பார்த்துச் சொன்னேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இங்கே திரும்பிவந்து ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று நாளையும் சேர்த்து. அவள் மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறாள். அது குற்றம் அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். மாமாவைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எங்களுக்கு நடுவில் ஏற்கெனவே இருந்த இடைவெளியில் இதுவும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அவளுக்குப் புரிய வைக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழ் அவளுக்குப் போதவில்லை.

மூல டாக்டர் ஜாமீனில் வந்துவிட்டான், ஆளைக் காணோம், வழக்கு நடக்கிறது என்று ஜெயா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக வாய்தா. குமார் அவ்வப்போது போனில் வணக்கம் அனுப்புவான். நான் திறந்து பார்ப்பேன். பதில் போட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தான். திண்டிவனம் போகிற சாலையில் ஏதோ கடைத்தெரு. புது போர்டு, புதுப் பெயர். ஆபரேஷன் இல்லாமல், ஓய்வு இல்லாமல், ஒரே ஊசியில். வாசலில் ஒரு பெஞ்ச், அதில் தலை குனிந்து மூன்று பேர். படத்தின் ஓரத்தில் குமாரின் ஆட்டோ மூக்கு தெரிந்தது. கீழே குரலில் பேசி அனுப்பியிருந்தான்.

“அக்கா, ஆளு இங்க கீறான். நாலு நாளா வரவன் போறவனுக்கெல்லாம் என் வயித்துத் தையலத் தூக்கிக் காட்டிகினு நிக்கிறேன். அடிக்க வரான். இன்னா செய்யட்டும்?”

டிப்போவில் என் பேருந்து புறப்பட இரண்டு நிமிடம் இருந்தது. முதல்முறையாக அவனுக்குப் பதில் எழுதினேன்.

“சட்டையைக் கீழே இறக்காதே. ஜெயா டப்பாவோடு வருகிறாள். பின்னாலேயே நானும் வருகிறேன்.”